ஆற்று வண்டலில் கன உலோகங்கள்: மாதிரி எடுப்பதிலிருந்து சூழல் இடரைக் கணிப்பது வரை

ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர் நள்ளிரவில் ஆற்றில் திறந்துவிடப்பட்டால், மறுநாள் மதியம் எடுக்கப்படும் நீர் மாதிரியில் அதன் சுவடுகூடத் தெரியாமல் போகலாம். ஆனால் அந்த நீரோடு வந்த காட்மியமும் ஈயமும் செம்பும் அவ்வளவு எளிதில் கடலைச் சேர்ந்துவிடுவதில்லை. அவை களிமண் துகள்களிலும், அத்துகள்களைப் போர்த்தியிருக்கும் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளிலும், மட்கிய கரிமப் பொருளிலும் ஒட்டிக்கொண்டு, நீரோட்டம் தளரும் இடத்தில் அடியில் தங்கிவிடுகின்றன. கரிம மாசுகளைப் போல உலோகங்களை நுண்ணுயிர்கள் சிதைத்து அழிக்க முடியாது என்பதால், ஆற்றின் அடியில் படிந்த வண்டல் பல ஆண்டுக் கணக்குகளை எழுதிவைத்த பேரேடு போன்றது.

அந்தப் பேரேட்டைப் படிக்கும் முறையைப் படிப்படியாக விளக்குவதே இந்த வழிகாட்டியின் நோக்கம். இத்துறையில் புழங்கும் குறியீடுகளைக் கணக்கிடுவது ஒரு மாலைப்பொழுது வேலைதான். அந்தக் கணக்கில் இடும் எண் எவ்வளவு நுண்ணிய துகளிலிருந்து வந்தது, எதனோடு ஒப்பிடப்படுகிறது, அந்த உலோகம் வண்டலோடு எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது என்ற மூன்று கேள்விகளே முடிவைத் தீர்மானிக்கின்றன. ஆகவே கணக்குக்கு முன்னும் பின்னும் உள்ள படிகளுக்கே இங்கே அதிக இடம் தரப்பட்டுள்ளது. ஆர்சனிக் வேதியியலில் உலோகப்போலி என்றாலும், வழக்கத்தையொட்டி அதையும் கன உலோகங்களோடு சேர்த்தே பேசுகிறேன்.

முதற்படி: எதை அறியப் போகிறோம்?

மாதிரி எடுக்கக் கிளம்பும் முன் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். "ஆறு மாசுபட்டிருக்கிறதா?" என்பது ஆய்வுக்குரிய கேள்வி ஆகாது. "இந்தக் கழிவுநீர்க் கால்வாய் சேரும் இடத்துக்குக் கீழே, வண்டலில் காட்மியம் மேற்பகுதியை விடக் கூடுதலாக இருக்கிறதா?", "இந்த நீர்த்தேக்கத்தில் படிந்துள்ள வண்டல் அங்கு வாழும் அடித்தள உயிர்களைப் பாதிக்கும் நிலையில் உள்ளதா?", "தூர்வாரி எடுக்கும் மண்ணை வயலில் கொட்டலாமா?" என்பவை மூன்றும் வெவ்வேறு கேள்விகள். முதலாவதற்கு மேற்பரப்பு வண்டல் போதும். இரண்டாவதற்கு உயிரியல் சோதனை தேவை. மூன்றாவதற்கு ஆழம் வரை குழாய் மாதிரி வேண்டும்.

மூன்றாவது கேள்வியை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜப்பானின் ஜின்சு ஆற்றில் காமியோக்கா சுரங்கத்திலிருந்து இறங்கிய காட்மியம் பாசன நீரோடு நெல்வயல்களில் படிந்து, அரிசியின் வழியாக மக்களின் உடலில் சேர்ந்து, சிறுநீரகங்களைக் கெடுத்து எலும்புகளை நொறுங்கச் செய்தது. இதாய்-இதாய் என்று பெயர்பெற்ற அந்த நோயைச் சுற்றுச்சூழல் மாசினால் விளைந்த நோய் என்று ஜப்பானிய அரசு 1968-இல் ஏற்றுக்கொண்டது. ஆற்றில் இருக்கும்வரை மீனுக்கு இடராக இருக்கும் வண்டல், வயலுக்குப் போனால் வேறொரு கணக்காகிவிடுகிறது.

இரண்டாம் படி: இடத்தைத் தேர்தலும் மாதிரி எடுத்தலும்

உலோகம் நுண்துகளில் இருக்கிறது, நுண்துகள் மெல்லோட்டத்தில் படிகிறது என்ற இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் இடம் தானாகவே புலப்படும். வளைவின் உட்கரை, தடுப்பணையின் பின்புறம், தீவுத்திட்டின் கீழ்ப்பக்கம், கிளையாறு சேர்ந்து வேகம் குறையும் இடம் ஆகியவை ஏற்றவை. நட்டாற்றில் சரளையும் பருமணலும் கிடக்கும் இடத்தில் எடுத்த மாதிரி எவ்வளவு மோசமான ஆற்றையும் தூய்மையானதாகக் காட்டிவிடும். சந்தேகிக்கப்படும் மூலத்துக்கு மேலே குறைந்தது இரண்டு இடங்கள், கீழே தூரத்தைப் படிப்படியாகக் கூட்டிப் பல இடங்கள், ஒவ்வொரு கிளையாற்றின் வாயிலும் ஒன்று என்பது நல்ல தொடக்கம்.

அணைகள் தனிக் கவனம் பெற வேண்டியவை. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கிளார்க் ஃபோர்க் ஆற்றின் குறுக்கே இருந்த மில்டவுன் அணை கட்டி முடிக்கப்பட்ட 1908-ஆம் ஆண்டிலேயே பெருவெள்ளம் வந்து, மேல்பகுதிச் சுரங்கக் கழிவுகளை அதன் பின்னால் கொண்டுவந்து குவித்தது. எழுபதாண்டுகளுக்கும் மேலாக அங்கேயே கிடந்த வண்டலிலிருந்து கசிந்த ஆர்சனிக் 1981-இல் அருகிலிருந்த குடிநீர்க் கிணறுகளில் கண்டறியப்பட்டது. அணையே 2008-இல் உடைக்கப்பட்டு, மாசு மிகுந்த வண்டல் அகற்றப்பட்டது.

மேற்பரப்பு மாதிரிக்குக் கவ்வுகலன் (ஆற்றடி வண்டலைக் கவ்வி எடுக்கும் கருவி) பயன்படுத்தி, அதன் நடுவிலிருந்து மேல் 5 சென்டிமீட்டரை மட்டும் பிளாஸ்டிக் கரண்டியால் எடுக்க வேண்டும். கவ்வுகலனின் உலோகச் சுவரைத் தொட்டிருக்கும் வண்டலைத் தவிர்க்க வேண்டும். ஒரே இடத்தில் மூன்று முதல் ஐந்து முறை எடுத்துக் கலந்தால், அந்த இடத்தின் தற்செயலான வேறுபாடுகள் சமனாகும். கொள்கலன்கள் 10 விழுக்காடு நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துத் தூயநீரில் அலசப்பட்ட பாலித்தீன் புட்டிகளாக இருக்கட்டும். பாதரசத்துக்கு மட்டும் கண்ணாடிப் புட்டி மேல். இதைச் சொல்லும்போது என் தொடக்கக் காலப் பிழை ஒன்று நினைவுக்கு வருகிறது: மூன்று நாள் அலைந்து சேர்த்த மாதிரிகள் அத்தனையிலும் துத்தநாகம் வியப்பூட்டும் அளவுக்கு உயர்ந்திருந்தது. ஆற்றில் எங்கும் காரணம் கிடைக்கவில்லை. கடைசியில் பார்த்தால், வண்டலைக் கலக்க நான் எடுத்துச் சென்றது துத்தநாகப் பூச்சுள்ள இரும்பு வாளி.

ஆழ மாதிரி வேண்டுமென்றால், ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயைச் செங்குத்தாகச் செருகி எடுத்து, 1 அல்லது 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள வில்லைகளாக அறுக்க வேண்டும். ஈயம்-210 என்ற கதிரியக்க ஓரிடத்தான் (அரைவாழ்வு ஏறத்தாழ 22 ஆண்டுகள்), அணுகுண்டுச் சோதனைகளால் 1963-ஐ ஒட்டி உச்சம் தொட்ட சீசியம்-137 ஆகியவற்றை அளந்தால், எந்த வில்லை எந்தக் காலத்தது என்று கணிக்கலாம். ஆனால் வெள்ளம் அடிக்கடி கிளறிவிடும் ஆற்றுப்படுகையில் இந்தக் காலக்கணிப்பு நிற்காது. வெள்ளச் சமவெளியிலும் நீர்த்தேக்கத்திலும் மட்டுமே நம்பத்தக்கது.

மூன்றாம் படி: உலர்த்தல், சலித்தல்

மாதிரியை 4 பாகை செல்சியசில் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்த பின், அதை எப்படி உலர்த்துவது என்பது எதை அளக்கப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. பாதரசம் ஆவியாகும் என்பதால் 40 பாகைக்கு மேல் சூடேற்றக் கூடாது. உறையவைத்து உலர்த்துவது இன்னும் நல்லது. மற்ற உலோகங்களின் மொத்த அளவுக்கு 60 பாகை வரை ஏற்றலாம். எட்டாம் படியில் வரும் பிணைப்பு ஆய்வுக்கான பகுதியை இப்போதே தனியே பிரித்து, காற்றுப் புகாமல் நைட்ரஜன் நிரப்பி உறையவைத்துவிட வேண்டும். உலர்த்தி, அரைத்து, பல வாரம் அலமாரியில் வைத்த பிறகு பிணைப்பு ஆய்வுக்கு எடுத்தால், அது ஆற்றில் இருந்த வண்டலாக இருக்காது.

உலர்ந்த வண்டலை 63 மைக்ரோமீட்டர் நைலான் சல்லடையில் சலித்து, கீழே விழும் நுண்பகுதியை மட்டும் அளப்பது பரவலான வழக்கம். மணல் பெரும்பாலும் படிகக்கல்லால் ஆனது. அதில் உலோகம் ஏறக்குறைய இல்லை எனலாம். நுண்பகுதியில் உள்ள உலோகத்தை அது நீர்த்துப்போகச் செய்கிறது. ஒரே மாசு, ஓரிடத்தில் 20 விழுக்காடு நுண்துகளோடும் மற்றோரிடத்தில் 80 விழுக்காடு நுண்துகளோடும் இருந்தால், முழு வண்டலில் அளக்கும் எண்கள் நான்கு மடங்குவரை வேறுபடலாம். சலித்த பின் எத்தனை விழுக்காடு நுண்பகுதி கிடைத்தது என்பதைக் குறித்துவைக்க மறக்கக் கூடாது. உயிர்கள் முழு வண்டலில் வாழ்கின்றன, சல்லடைக்குக் கீழே உள்ள தூளில் அல்ல; இடரைக் கணிக்கும்போது அந்த விழுக்காடு தேவைப்படும்.

நான்காம் படி: அமிலச் செரிப்பும் அளவீடும்

நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த இராஜதிராவகத்தில் செரித்தால், மனிதரால் சேர்ந்த உலோகங்கள் பெரும்பாலும் கரைந்துவிடும்; சிலிக்கேட்டுப் படிகங்களுக்குள் பூட்டப்பட்டவை கரையாமல் நிற்கும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைச் சேர்த்தால்தான் முழுவதும் கரையும். எதைத் தேர்ந்தாலும் குற்றமில்லை. ஆனால் இராஜதிராவகத்தில் கரைத்த அளவை, முழுச் செரிப்பால் பெற்ற பாறைச் சராசரியோடு ஒப்பிடுவது பிழை. குரோமியத்திலும் அலுமினியத்திலும் இந்தப் பிழை பெரிதாகும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலில் பட்ட உடனே வலி தெரியாமல் உள்ளிறங்கிக் கால்சியத்தைக் கவ்வும் என்பதால், கால்சியம் குளுக்கோனேட்டுக் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத ஆய்வகத்தில் அதைத் திறக்கவே கூடாது.

அளவீட்டுக்கு ஐசிபி-எம்எஸ், ஐசிபி-ஓஇஎஸ் என்ற பிளாஸ்மா அளவீட்டுக் கருவிகள், அணு உட்கவர் நிறமாலைமானி ஆகியவற்றில் கிடைப்பதைப் பயன்படுத்தலாம். பாதரசத்துக்குக் குளிராவி முறை வேண்டும். கையடக்க எக்ஸ்-கதிர் கருவி களத்தில் செம்பு, துத்தநாகம், ஈயம் ஆகியவற்றை விரைவாகக் காட்டும். காட்மியத்தை அது காணும் அளவு வருவதற்குள் ஆறு மிகவும் கெட்டிருக்கும்.

ஏறத்தாழ இருபது மாதிரிகளுக்கு வண்டல் இடாத ஒரு வெற்று மாதிரி, ஒரே வண்டலை மறுமுறை அளக்கும் ஒரு இரட்டை மாதிரி, சான்றளிக்கப்பட்ட ஒரு ஒப்பீட்டு வண்டல் என்ற ஒழுங்கு தவறக் கூடாது. அமெரிக்கத் தர அளவீட்டு நிறுவனம் வெளியிட்ட பஃபலோ ஆற்று வண்டல் போன்றவை இதற்கென்றே தயாரிக்கப்பட்டவை. சான்றிதழில் உள்ள மதிப்பில் 80 முதல் 120 விழுக்காட்டுக்குள் மீட்பு (நாம் அளந்து பெற்ற அளவு) இல்லையென்றால், அந்தத் தொகுதியை மீண்டும் செய்வதைத் தவிர வழியில்லை.

ஐந்தாம் படி: பின்னணி அளவைத் தீர்மானித்தல்

முழு வேலையிலும் மிகக் குறைவான சிந்தனை செலவிடப்படும் படியும், முடிவை மிக அதிகமாக மாற்றும் படியும் இதுவே. ஒவ்வொரு உலோகமும் பாறையில் இயற்கையாகவே இருக்கிறது. மனிதர் சேர்த்த பங்கை அறிய, மனிதர் இல்லாமல் எவ்வளவு இருந்திருக்கும் என்பது தெரிய வேண்டும்.

கைக்கு எளிதாகக் கிடைப்பது உலகச் சராசரி. டுரேகியன், வெடெபோல் இருவரும் 1961-இல் தொகுத்த களிப்பாறைச் சராசரிப்படி, ஒரு கிலோவில் செம்பு 45 மில்லிகிராம், துத்தநாகம் 95, ஈயம் 20, நிக்கல் 68, குரோமியம் 90, ஆர்சனிக் 13, பாதரசம் 0.4, காட்மியம் 0.3, அலுமினியம் 8 விழுக்காடு. ஆய்வுக் கட்டுரைகளில் பாதிக்கு மேல் இந்தப் பட்டியலோடு நின்றுவிடுகின்றனவோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. உங்கள் ஆறு கருங்கல் பகுதியில் ஓடுகிறதா, எரிமலைப் பாறையில் ஓடுகிறதா, நிக்கலும் குரோமியமும் செறிந்த பச்சைப் பாம்புக்கல் பாறையில் ஓடுகிறதா என்பது அந்தப் பட்டியலுக்குத் தெரியாது.

அதைவிட நல்லது, அதே ஆற்றின் ஆழ வண்டல். குழாய் மாதிரியின் அடிப்பகுதியில், தொழில்மயத்துக்கு முந்தைய காலத்து வில்லைகளில் எண்கள் ஏற்ற இறக்கமின்றி நிலைத்திருந்தால், அதுவே அந்த ஆற்றின் இயல்பு. அது கிடைக்காவிட்டால், அதே பாறையில் ஓடும், மனிதத் தலையீடு குறைந்த தலைநீரோடையின் நுண்வண்டலை எடுக்கலாம். எப்படியிருந்தாலும் ஒரே எண்ணாகக் கொடுக்காமல் ஒரு வீச்சாகக் கொடுப்பது நேர்மையானது.

ஆறாம் படி: குறியீடுகள், ஒரு பயிற்சிக் கணக்கோடு

கணக்குக்காக ஒரு மாதிரியைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு கிலோ உலர் வண்டலில் செம்பு 90, ஈயம் 60, துத்தநாகம் 190, காட்மியம் 1.2, நிக்கல் 68 மில்லிகிராம். அலுமினியம் 4 விழுக்காடு. முதலில் களிப்பாறைச் சராசரியையே பின்னணியாகக் கொள்வோம்.

மாசுக் காரணி என்பது அளந்த செறிவைப் பின்னணியால் வகுத்த ஈவு. செம்பு 2, ஈயம் 3, துத்தநாகம் 2, காட்மியம் 4, நிக்கல் 1. ஒன்றுக்குக் கீழ் குறைவு, 1 முதல் 3 வரை மிதம், 3 முதல் 6 வரை கணிசம், 6-க்கு மேல் மிக அதிகம் என்பது வகைப்பாடு. இந்த ஐந்தையும் பெருக்கினால் 48. அதன் ஐந்தாம் மூலம் 2.17. இதுவே 1980-இல் டாம்லின்சன் குழுவினர் முன்வைத்த மாசுச் சுமைக் குறியீடு. ஒன்றைத் தாண்டினால் சீர்கேடு தொடங்கிவிட்டது என்று பொருள்.

முல்லர் 1969-இல் தந்த புவிக்குவிவு எண் சற்றே எச்சரிக்கையானது. பின்னணியின் இயற்கை ஏற்ற இறக்கத்துக்கு இடம்கொடுக்க அதை 1.5-ஆல் பெருக்கி, அளந்த செறிவை அதனால் வகுத்து, ஈவுக்கு இரண்டை அடிமானமாகக் கொண்ட மடக்கையை எடுக்க வேண்டும். நம் மாதிரியில் ஈயம் 1.0, காட்மியம் 1.42, செம்பும் துத்தநாகமும் 0.42, நிக்கல் சுழிக்குக் கீழே 0.58. சுழியும் அதற்குக் கீழும் மாசற்றது, 5-க்கு மேல் மிகக் கடும் மாசு, இடையில் ஒவ்வோர் அலகுக்கும் ஒரு வகுப்பு.

இனி அலுமினியம். களிமண்ணின் முதன்மைக் கூறு என்பதாலும், மனிதரால் பெரிதும் மாறுவதில்லை என்பதாலும், துகள் அளவின் விளைவை நீக்க அது உதவுகிறது. மாதிரியில் உலோகத்துக்கும் அலுமினியத்துக்கும் உள்ள விகிதத்தை, பின்னணியில் உள்ள அதே விகிதத்தால் வகுத்தால் கிடைப்பது செறிவேற்றக் காரணி. நம் வண்டலில் அலுமினியம் களிப்பாறையில் உள்ளதில் பாதிதான், அதாவது மணல் கலந்தது. ஆகவே ஒவ்வோர் ஈவும் இரட்டிப்பாகிறது: காட்மியம் 8, ஈயம் 6, செம்பும் துத்தநாகமும் 4, நிக்கல் 2. மணல் மறைத்துவைத்திருந்தது இப்போது தெரிகிறது. இந்தக் கணக்கைச் சலிக்காத வண்டலுக்குச் செய்வதே பொருத்தம்.

சுவீடன் ஆய்வாளர் ஹாகன்சன் 1980-இல் வகுத்த சூழல் இடர்க் குறியீடு, மாசுக் காரணியை ஒவ்வோர் உலோகத்தின் நச்சு எடையாலும் பெருக்குகிறது. பாதரசம் 40, காட்மியம் 30, ஆர்சனிக் 10, ஈயமும் செம்பும் 5, குரோமியம் 2, துத்தநாகம் 1. நிக்கலுக்கு 5 என்பது பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. நம் மாதிரியில் செம்பு 10, ஈயம் 15, துத்தநாகம் 2, நிக்கல் 5, காட்மியம் 120. கூட்டினால் 152. குறியீடு 150-ஐத் தாண்டினால் மித இடர், 300-ஐத் தாண்டினால் கணிசமான இடர், 600-ஐத் தாண்டினால் மிக உயர்ந்த இடர் என்பதால், நம் ஆறு இரண்டு புள்ளி வித்தியாசத்தில் "மித இடர்" வகுப்பில் விழுகிறது. அந்த 152-இல் ஐந்தில் நான்கு பங்கு காட்மியம் ஒன்றிலிருந்தே வருகிறது.

இப்போது பின்னணியை மட்டும் மாற்றிப் பார்ப்போம். ஹாகன்சன் தம் கட்டுரையில் பயன்படுத்திய தொழில்மயத்துக்கு முந்தைய ஒப்பீட்டு அளவுகள் காட்மியம் 1.0, ஈயம் 70, செம்பு 50, துத்தநாகம் 175. நிக்கல் அவர் பட்டியலிலேயே இல்லை. அவற்றை இட்டால் காட்மியத்தின் பங்கு 36-ஆகச் சுருங்கி, கூட்டுத்தொகை ஏறத்தாழ 50-க்கு இறங்குகிறது. ஆற்றில் ஒரு துகள்கூட மாறவில்லை. இடர் மூன்றில் ஒன்றாகிவிட்டது. மேலும் அவர் இதை ஏரிகளுக்காக வகுத்தார். 150, 300, 600 என்ற எல்லைகளை பிசிபி என்ற கரிம மாசையும் சேர்த்து எட்டுப் பொருள்களின் கூட்டுத்தொகைக்கு அமைத்தார். ஐந்தே உலோகங்களை அளந்துவிட்டு அதே எல்லைகளை வைத்து "குறைந்த இடர்" என்று எழுதுவது, எட்டுப் பாடத் தேர்வின் தேர்ச்சிக் கோட்டை ஐந்து பாடம் எழுதியவருக்கு வைப்பதைப் போன்றது. இக்குறியீட்டை ஒரே ஆற்றின் இடங்களைத் தரவரிசைப்படுத்தப் பயன்படுத்துங்கள், தீர்ப்பெழுதப் பயன்படுத்தாதீர்கள்.

ஏழாம் படி: வண்டல் தர வரம்புகளோடு ஒப்பிடுதல்

மேற்கண்டவை வேதியியலை வேதியியலோடு ஒப்பிட்டன. தர வரம்புகள் உயிரினச் சோதனைகளிலிருந்து பெறப்பட்டவை. மெக்டொனால்டும் அவருடைய குழுவினரும் 2000-ஆம் ஆண்டில் நன்னீர் வண்டலுக்குத் தொகுத்த ஒருமித்த வரம்புகளில், கீழ்வரம்புக்குக் குறைந்தால் பாதிப்பு அரிது, மேல்வரம்பைத் தாண்டினால் பாதிப்பு எதிர்பார்க்கத்தக்கது. காட்மியத்துக்கு 0.99, 4.98, செம்புக்கு 31.6, 149, ஈயத்துக்கு 35.8, 128, துத்தநாகத்துக்கு 121, 459, நிக்கலுக்கு 22.7, 48.6, பாதரசத்துக்கு 0.18, 1.06, ஆர்சனிக்குக்கு 9.79, 33, குரோமியத்துக்கு 43.4, 111 மில்லிகிராம்.

நம் மாதிரியில் காட்மியம், செம்பு, ஈயம், துத்தநாகம் நான்கும் இரு வரம்புகளுக்கு இடையே நிற்கின்றன. மேல்வரம்பைத் தாண்டியது நிக்கல் ஒன்றுதான். ஆனால் அந்த நிக்கல் களிப்பாறைச் சராசரியே! மனிதக் கைபடாத களிமண்ணே இந்த வரம்பை மீறும் என்றால், பாறையின் நிக்கலையும் ஆலையின் நிக்கலையும் வரம்பு வேறுபடுத்திப் பார்ப்பதில்லை என்பது விளங்கும். ஒவ்வோர் உலோகத்தையும் அதன் மேல்வரம்பால் வகுத்துச் சராசரி எடுத்தால் 0.63 வருகிறது, நச்சுத்தன்மைக்கு 0.5-ஐப் பிரிகோடாகக் கொள்வது வழக்கம். நிக்கலை விட்டுவிட்டால் சராசரி 0.43. மறுபடியும் தீர்ப்பு புரள்கிறது.

குறியீடு காட்மியத்தைக் குற்றம் சாட்டுகிறது, வரம்பு நிக்கலைக் குற்றம் சாட்டுகிறது. யாரை நம்புவது என்பதற்கு அடுத்த படிதான் விடை தரும்.

எட்டாம் படி: பிணைப்பின் இறுக்கத்தை அறிதல்

வண்டலில் உள்ள உலோகம் முழுவதும் உயிரினங்களுக்குக் கிடைப்பதில்லை. டெசியர் குழுவினர் 1979-இல் தொடங்கிவைத்த படிநிலைப் பிரித்தெடுப்பு, மென்மையான கரைப்பானில் தொடங்கி வலிமையானதற்கு ஏறிச்சென்று உலோகத்தைக் கட்டுக்கட்டாகப் பிரிக்கிறது. ஐரோப்பாவில் பின்னர் சீர்ப்படுத்தப்பட்ட முறையை பி.சி.ஆர். (BCR) என்பர், பெருந்தொற்றுக் காலத்தில் நாம் அனைவரும் கேட்டுப் பழகிய பி.சி.ஆர். (PCR) வேறு, இது வேறு. ஒரு கிராம் வண்டலை 40 மில்லிலிட்டர் 0.11 மோலார் அசிட்டிக் அமிலத்தில் 16 மணி நேரம் குலுக்கினால், மேலோட்டமாக ஒட்டியவையும் கார்பனேட்டில் உள்ளவையும் கரைகின்றன. அடுத்து ஹைட்ராக்சிலமீன் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளைக் கரைக்கிறது. மூன்றாவதாக ஹைட்ரஜன் பெராக்சைடு கரிமப் பொருளையும் சல்பைடையும் சிதைக்கிறது. எஞ்சியது படிகத்துக்குள் பூட்டப்பட்டது.

முதல் கட்டில் வெளிவரும் பங்கு மொத்தத்தில் 1 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் இடரில்லை, 10 வரை குறைவு, 30 வரை மிதம், 50 வரை உயர்வு, அதற்கு மேல் மிக உயர்வு. நம் மாதிரியில் முதல் கட்டில் காட்மியம் 0.66 மில்லிகிராமும் நிக்கல் 2.7 மில்லிகிராமும் வந்தன என்று கொள்வோம். காட்மியத்தில் 55 விழுக்காடு தளர்ந்த நிலையில் இருக்கிறது. நிக்கலில் 4 விழுக்காடு மட்டுமே. வரம்பை மீறிய நிக்கல் பாறைக்குள் அடைபட்டது என்பதும், கீழ்வரம்பைச் சற்றே தாண்டிய காட்மியம்தான் ஆற்றில் இறங்கக் காத்திருப்பது என்பதும் இப்போது தெளிவாகின்றன. அமிலத்தன்மை சற்றுக் கூடினாலோ, உப்புநீர் ஏறினாலோ அந்தப் பாதி முதலில் அசையும்.

உயிர்வளியற்ற வண்டலில் வேறொரு காவலர் இருக்கிறார். சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் சல்பைடு, செம்பு, ஈயம், காட்மியம், துத்தநாகம், நிக்கல் ஆகியவற்றைக் கரையாச் சேர்மங்களாக்கிப் பிடித்துவைக்கிறது. குளிர்ந்த 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வெளிவரும் சல்பைடையும் உலோகங்களையும் மோல் அலகில் அளந்து, உலோகக் கூட்டுத்தொகை சல்பைடை விடக் குறைந்தால், அவற்றால் நச்சு விளைவு வர வாய்ப்பில்லை என்று கொள்ளலாம். இங்கே ஓர் எச்சரிக்கை: மோல் கணக்கில் நம் மாதிரியின் மொத்தத் துத்தநாகம் கிராமுக்கு 2.9 மைக்ரோமோல், காட்மியம் 0.01 மட்டுமே. ஆகவே இந்தச் சோதனையின் கூட்டுத்தொகை பெரும்பாலும் துத்தநாகத்தையும் செம்பையும் பற்றியே பேசுகிறது. இந்தக் காவலும் நிரந்தரமானதல்ல. வெப்பமான, ஓட்டம் குறைந்த மாதங்களில் கூடும் சல்பைடு, வெள்ளமோ தூர்வாரலோ வண்டலைக் கிளறிக் காற்றுப்படச் செய்தால் ஆக்சிஜனேற்றமடைந்து பிடியைத் தளர்த்திவிடும். ஆர்சனிக் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளக்கூடியது. உயிர்வளி தீர்ந்து இரும்பு ஆக்சைடு கரையும்போது அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக் நீரில் இறங்குகிறது.

பாதரசம் முற்றிலும் தனிக்கதை. அதே சல்பேட்டு ஒடுக்கும் பாக்டீரியாக்களில் சில அதை மீத்தைல் பாதரசமாக்குகின்றன. அது சிற்றுயிரிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் ஒவ்வொரு படியிலும் செறிவேறிச் செல்கிறது. வண்டலில் மொத்தப் பாதரசம் குறைவாக இருந்தும் மீனில் அதிகமாக இருக்கலாம். பாதரசம் சந்தேகிக்கப்படும் ஆற்றில் இரைதின்னி மீனின் தசையை அளக்காமல் அறிக்கை எழுதக் கூடாது.

ஒன்பதாம் படி: உயிர்களிடம் கேட்டல்

லாங், சாப்மன் இருவரும் 1985-இல் முன்வைத்த மும்முனை அணுகுமுறை, வேதியியல், ஆய்வகத்தில் நச்சுச் சோதனை, ஆற்றில் வாழும் சமூகத்தின் நிலை ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் ஒரே நாளில் எடுத்த மாதிரிகளில் பார்க்கச் சொல்கிறது. நச்சுச் சோதனைக்கு ஹயலெல்லா என்ற, இறால் இனத்தைச் சேர்ந்த சிறு நன்னீர் உயிரியையோ, சிரோனோமிட் ஈக்களின் புழுக்களையோ வண்டலில் விட்டு, பிழைப்பு, வளர்ச்சி, முதிர்ந்து வெளிவருதல் ஆகியவற்றைக் கவனிப்பர்.

இந்தச் சிரோனோமிட் புழுக்கள் சேற்றில் சிவந்த நூல்போல நெளிபவை. உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால் அந்தச் சிவப்பு. ஒன்றைப் பிடித்து, தலையைப் பிரித்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், வாயின் கீழே உள்ள கருத்த தகட்டில் பற்கள் நடுவிலிருந்து இருபுறமும் ஒரே ஒழுங்கில் இறங்கியிருக்கும். மாசுபட்ட வண்டலில் வளர்ந்தவற்றில் நடுப்பல் இல்லாமலும், இரண்டு பற்கள் ஒட்டியும், ஒருபுறம் மட்டும் கூடுதல் பல் முளைத்தும் காணப்படுவதுண்டு. தூய இடத்திலும் ஓரளவு இத்தகைய குறைபாடு இருக்கும் என்பதால், மேற்பகுதி இடத்தின் விகிதத்தோடு ஒப்பிட்டே பேச வேண்டும். பூச்சிமருந்துகளும் இதே குறைபாட்டை உண்டாக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

பெரிய உயிர்களிடம் உலோகம் போய்ச்சேரும் வழி எப்போதும் உணவுச் சங்கிலி ஆகாது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் கோர் டெலேன் ஆற்றுச் சதுப்புகளில் தங்கிச் செல்லும் துந்திரா அன்னங்கள், நீரடித் தாவரங்களின் வேர்களையும் கிழங்குகளையும் தோண்டித் தின்னும்போது சுரங்க ஈயம் செறிந்த வண்டலையும் சேர்த்து விழுங்கி, ஈய நஞ்சால் இறந்துள்ளன. நீரை மட்டும் சோதித்தவர்களுக்கு அந்த இறப்பின் காரணம் விளங்கியிருக்காது.

பத்தாம் படி: அறிக்கை

நம் கற்பனை ஆற்றைப் பற்றி நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்: "காட்மியம் பின்னணியை விட உறுதியாக உயர்ந்துள்ளது, அதில் பாதிக்கு மேல் எளிதில் பெயரக்கூடிய நிலையில் உள்ளது. நிக்கல் வரம்பை மீறினாலும் பாறை மூலத்தோடு ஒத்துப்போகிறது. சூழல் இடர்க் குறியீடு பின்னணித் தேர்வைப் பொறுத்து 50 முதல் 152 வரை வேறுபடுகிறது. உயிரினச் சோதனை முடியும்வரை இவ்விடத்தில் தூர்வாரலைத் தவிர்ப்பது நல்லது." ஒற்றை எண்ணோ ஒற்றை நிறமோ கேட்பவருக்கு இது சலிப்பைத் தரலாம். ஆனால் முடிவெடுப்பவருக்குத் தேவையானது இதில் இருக்கிறது.

செரிப்பு முறை, சல்லடை அளவு, நுண்பகுதி விழுக்காடு, பின்னணியின் மூலம், ஒப்பீட்டு வண்டலின் மீட்பு விழுக்காடு, மாதிரி எடுத்த நாளில் ஆற்றின் ஓட்ட நிலை ஆகிய ஆறும் அட்டவணைக்குக் கீழே இருக்கட்டும். ஓர் அளவுத் தொகுதியை வைத்துப் போக்கு என்று சொல்லாமல், குறைந்தது ஓட்டம் தணிந்த பருவத்தில் ஒரு முறையும், பெருவெள்ளம் வடிந்த பின் ஒரு முறையும் எடுங்கள். மீதமுள்ள வண்டலைத் தூக்கி எறியாமல், இடம், ஆழம், தேதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டோடு மூடி முத்திரையிட்டு, உலர்ந்த இருண்ட இடத்தில் வைத்துவிடுங்கள். மை அழிந்துவிடும், பென்சில் எழுத்து நிற்கும்.